நீங்கள் குடிக்காத இனிப்புத் தண்ணீர்

அண்ணே,

இன்று காலையில் ஒரு நோயாளி கைதவறி ஒரு பாக்கெட் பானத்தை என் சீருடை மேல் கொட்டிவிட்டார். எலுமிச்சை வாடை, அதற்கடியில் ஒரு மந்தமான தித்திப்பு. துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் தோள்பட்டைப் பக்கமிருந்து அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. கொட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், ஆபரேஷன் பயம். கோபமெல்லாம் உங்கள் மேல்தான். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது, நான் இன்னும் உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். செத்தவர்கள் எதிர்வாதம் பேச மாட்டார்கள் என்பது பொய். நான் ஒன்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச உங்களால் முடியாது. அதோடு உங்களிடம் ஒன்றைச் சொல்லாமலே வைத்திருக்கிறேன். உங்கள் ஆபரேஷன் அன்று காலையில் நான் ஒரு ஃபாரத்தில் போட்ட டிக் பற்றியது. அதைச் சொல்லாமல் எனக்குத் தீராது.

குடலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அண்ணி அழுதார்கள். நீங்கள் டாக்டரிடம், தைப்பூசத்துக்குள் தையல் காய்ந்துவிடுமா என்று கேட்டீர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தாலும் என் வேலையே அதுதானே. ஆபரேஷனுக்கு வருகிறவர்களைத் தயார்படுத்தி உள்ளே அனுப்புகிற மிஸ்ஸி நான். ஆபரேஷனுக்கு முன்னால் குடிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் புதிய பானத்தைக் கொண்டுவந்தபோது, வார்டு வார்டாகப் போய் மற்ற மிஸ்ஸிகளுக்கு அதை விளக்கிச் சொன்னவளும் நான்தான். ஜார்ஜ்டவுனில் என் பேச்சை எல்லாரும் கேட்டார்கள். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் உங்கள் வீட்டுச் சமையலறையில்தான் அது எடுபடவில்லை.

விளக்கத் தாளை மேசையில் வைத்தேன். மாக் மண்டின் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மெஷின் பழுது பார்த்தவர் நீங்கள். புது மெஷின் வந்தால் அதன் புத்தகத்தை வரி விடாமல் படிப்பீர்கள். நான் கொடுத்த தாளை மட்டும் மடித்துக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, "வாயால சொல்லு" என்றீர்கள்.

"முதல் நாள் சாயங்காலம் ஒரு பாக்கெட், அன்னைக்குக் காலைல ஒரு பாக்கெட். மயக்க மருந்து கொடுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குடிச்சு முடிச்சிரணும். அவ்வளவுதான், அண்ணே."

"இனிப்பா இருக்குமா?"

"இனிப்புதான். அதுக்காகத்தான் கொடுக்கறதே."

"எனக்கு வேணாம் லா."

ஏன் என்று கேட்டிருக்கவே தேவையில்லை. அப்பாவுக்கு இனிப்புநீர் நோய் வந்து, காலில் புண் வந்து, பாதத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கோப்பி ஓ கோசோங்தான் குடித்தீர்கள். சர்க்கரை இல்லாத அந்தக் கசப்பைத் தொண்டையில் இறக்கும்போது உங்கள் முகம் போகிற போக்கை அண்ணி கிண்டல் செய்வார்கள். தீபாவளிக்கு வீடு வீடாகப் போனாலும் முறுக்குக்குத்தான் கை நீளும், லட்டுப் பக்கம் திரும்பவே திரும்பாது. எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் உங்களுக்கு இனிப்புநீர் கிடையாது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். இருந்திருந்தால் நானே கொடுத்திருக்க மாட்டேன், இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

கரடியாய்க் கத்தினேன். கத்தி பட்டதும் உடம்பு மிரண்டுபோகிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டேன் என்கிறது. சர்க்கரை உள்ளே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. முதல் நாளிலிருந்து பட்டினி வேறு போட்டால் அந்தப் பிடிவாதம் இன்னும் ஏறும். கொஞ்சம் மாவுச்சத்துத் தண்ணீரை முன்கூட்டியே கொடுத்தால், சாப்பிட்டுத்தானே இருக்கிறோம் என்று உடம்பு நிம்மதியாக இருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு இன்சுலின் பேச்சைக் கொஞ்சமாவது கேட்கும். இதை நான் உங்களுக்கு மூன்று விதமாகச் சொன்னேன். கடைசியில் உங்கள் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"ராத்திரி பூரா நிறுத்தி வச்ச மெஷின, சூடாக்காம காலைல ஒரே அடியா ஓட்டுவீங்களா?"

"நான் மெஷின் இல்ல லா."

அண்ணி சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், அது என் தப்பு. சிரித்தால் நீங்கள் ஜெயித்ததாக எடுத்துக்கொள்வீர்கள்.

பிறகுதான் உள்ளே இருந்த விஷயம் வந்தது. பத்தொன்பது வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர் நீங்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம், கடைசி நாள் சுத்தப் பட்டினி, பிறகு முதுகிலும் நெஞ்சிலும் அலகு. ஒரு சொட்டு ரத்தம் வராது. அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. "வேல் குத்தறதுக்கு வெறும் வயிறு வேணும், சுத்தமான உடம்பு வேணும். கத்தியும் இரும்புதான? ஒடம்புக்குள்ள போறதுதான? அன்னைக்குப் போயி சீனித் தண்ணி குடிச்சிட்டுப் படுக்கச் சொல்ற" என்றீர்கள். படித்துப் பட்டம் வாங்கி இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவள் நான். அப்படிப்பட்டவளிடம் முருகனையும் சர்ஜனையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். நான் எந்தப் பக்கம் பேசினாலும் பாவம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துகொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னீர்கள். "பித்தப்பை ஆபரேஷனுக்கு அம்மா கெடந்தாங்களே. மத்தியானம் வரைக்கும் கூப்பிடல. ஒரு வாய் தண்ணி கொடுடான்னு என் கையப் புடிச்சாங்க. நீதான் யூனிஃபார்மோட வந்து நின்னு, கூடாதுன்ன. இப்ப நீயே குடின்ற."

அன்றைக்கு விதி அது, அண்ணே. நடு இரவுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நானும் அப்படியே நின்றேன். பிறகு விதி மாறியது. தெளிந்த பானம் இரண்டு மணி நேரத்தில் வயிற்றை விட்டு இறங்கிவிடும் என்று தெரிந்தபோது, முதலில் எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் காய்ந்த உதடுதான். இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது அப்ப, இது இப்ப" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஃபெரி பிடிக்கக் கிளம்பிவிட்டேன். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே கடலைத் தாண்டினேன்.

முதல் நாள் சாயங்காலப் பாக்கெட்டுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை அண்ணி பின்னால்தான் சொன்னார்கள். கறிவேப்பிலைத் தொட்டியில் காலையில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்ததாம். அந்தச் செடி அந்த வருடம் அமோகமாகத் தழைத்தது என்று சொல்லி வேறு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் அன்று உங்களை வேறு மிஸ்ஸி பார்க்கட்டும் என்றுதான் வார்டு சிஸ்டர் சொன்னார். நான்தான் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு உங்கள் முறை. ஒன்பது மணிக்கு பாக்கெட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வார்டில் ஒரு வேலையாகப் போய், ஒன்பதே முக்காலுக்கு வந்தேன். நீங்கள் கட்டில் விளிம்பில் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றி நிறைய விபூதி.

"குடிச்சிட்டீங்களா?"

"ஓ, குடிச்சாச்சு."

சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தீர்கள். துடைக்க அங்கே ஒன்றுமே இல்லை. உதடு இரண்டும் வெள்ளையாக வெடித்திருந்தன, விரதத்தின் கடைசி நாளில் இருப்பது போல. எலுமிச்சை வாடை கொஞ்சமும் இல்லை. குப்பைக் கூடை காலி. உங்கள் பையை, வழக்கமாக எங்கேயாவது போட்டுவிட்டு என்னைத் தேட வைக்கிற அந்தப் பையை, இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கி வைத்திருந்தீர்கள். பிறகு, உங்கள் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதர் பொய் சொன்ன பிள்ளை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த மிஸ்ஸிக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணே.

பத்து மணி வரை நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் திறந்து, அம்மாவின் பேச்சை எடுத்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நீங்கள் குடித்திருப்பீர்கள். குடிக்காமல் போயிருந்தாலும் 'குடிக்கவில்லை' என்று எழுதியிருக்கலாம், அதற்கும் ஃபாரத்தில் கட்டம் உண்டு. நான் பேனாவை எடுத்து 'குடித்தார்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளின் சொந்த அண்ணனே குடிக்கவில்லை என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம் கொஞ்சம். மீதியெல்லாம் கோபம். அம்மாவைச் சொல்லிக் காட்டினீர்களே, படுங்கள், பட்டால்தான் தெரியும் என்ற கோபம். அந்த டிக்கை அழுத்திப் போட்டதில் அடித்தாளிலும் தடம் விழுந்திருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். மறுநாள் உங்கள் சர்க்கரை ஏறியது. இனிப்புநீரே இல்லாத ஆளுக்கு இன்சுலின் ஊசி போட வேண்டி வந்தது. ரத்தம் எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் புள்ளி. வாந்தி, சோர்வு, எழுந்து நின்றால் கால் பின்னியது. டாக்டர் ஃபாரத்தைப் புரட்டினார். "பானம் குடிச்சிருக்காரே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதனால் மருந்து எதுவும் மாறிப்போய்விடவில்லை, சர்க்கரை எவ்வளவோ அதற்குத் தகுந்த ஊசி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தாளில் ஒரு பொய் இருந்தது. அது என் கையெழுத்தில் இருந்தது.

நான்காம் நாள் உங்களுக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் வாயும் வந்தது.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், திட்டக் கூடாது. அந்தப் பாக்கெட்ட நான் குடிக்கல. ரெண்டையும்."

நான் ஆச்சரியப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு நாடகக் கம்பெனியிலும் எனக்கு வேலை கிடைக்காது, ஆனால் நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

"பாத்தியா, குடிக்காமலே சீனி இவ்வளவு ஏறிருக்கு. குடிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். குடிக்காமல் பட்டினி கிடந்ததும் சேர்ந்துதான் ஏற்றிவிட்டிருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நேர்மையாகச் சொன்னால், அந்த ஒரு பாக்கெட்தான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார். இன்சுலின் பேச்சை உடம்பு கேட்க அது உதவும் என்பது வரைதான் உறுதி. புண் எவ்வளவு சீக்கிரம் ஆறும், எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம் என்பதிலெல்லாம் அவர்களுக்குள்ளேயே பேச்சு இருக்கிறது. குடித்தும் சர்க்கரை ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது அதையில்லை. நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, ட்ரிப் ஏறாத கையால் என் மணிக்கட்டைத் தொட்டீர்கள்.

"அது கெடக்கட்டும் லா. ஒன்ன ஏமாத்திட்டேன். நீ கேட்டப்ப மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன். மனசுல வச்சுக்காத."

ஐம்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று. "சரி, விடுங்க" என்றேன். அதுவும் எப்படி, பெரிய மனசு பண்ணுகிறவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே தாங்கவில்லை. அந்த மன்னிப்பை விடவே இல்லை நான். நீங்கள் மருந்து நிறுத்தப் பார்த்தால், "என்ன ஏமாத்தின ஆள்தான நீங்க" என்பேன். ஸ்கேனுக்கு வர மாட்டேன் என்றால் அதே வசனம். பாலிக் புலாவில் டுரியான் பழ சீசன், கூட்டாளிகளோடு போகிறேன் என்றபோதும், "வயிறு கெட்டா யாருகிட்ட பொய் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். உடனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தீர்கள். என் ஆயுசில் முதல் முறையாக அண்ணன் என் பேச்சைக் கேட்டார். அண்ணிகூட, "இவரு இப்படி அடங்கி நான் பாத்ததே இல்ல" என்றார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது நான் யாரையும் குடித்தீர்களா என்று கேட்பதில்லை. பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். வேலை தேங்குகிறது என்று சின்ன மிஸ்ஸிகள் முனகுகிறார்கள். போன மாதம் ஓர் அக்கா பாக்கெட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன். அவர்களுக்கு ஆச்சரியம். மகனுக்காக வெள்ளிக்கிழமை விரதம், அன்று வெள்ளிக்கிழமை. அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, போதும் மிஸ்ஸி என்றார்கள். 'முழுவதும் குடிக்கவில்லை' என்று எழுதி, டாக்டரிடமும் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஃபாரத்தை எடுத்தார். அவ்வளவுதான், அண்ணே. வானம் இடிந்து விழவில்லை. உங்கள் ஃபாரத்தில் அதை எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இந்த ஒரு அற்பக் காரியத்துக்காகவா இவ்வளவு என்று அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

கட்டி இரண்டு வருடம் கழித்து ஈரலில் வந்தது. அதற்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இதைத் தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டேன், ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

கடைசி வாரத்தில் உங்களுக்கு ஒன்றும் இறங்கவில்லை. நான் பார்லி காய்ச்சிக் கொண்டுவந்தேன், கொஞ்சம் சர்க்கரை போட்டு. இனிப்பு என்று சண்டை போடுவீர்கள் என்று பதிலையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் சண்டை போடவில்லை. இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, கால் மணி நேரம் எடுத்துக் குடித்தீர்கள். பிறகு தம்ளரைச் சாய்த்து அடியை எனக்குக் காட்டினீர்கள்.

"நல்லா பாத்துக்க. இந்தத் தடவ ஏமாத்தல."

நான் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தபோது நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தீர்கள், விழித்தும் இருந்தீர்கள். அண்ணி இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள், ஏதோ ஒன்று, நான் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அன்றைக்கு உங்கள் வாயைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் டிக் போட்டேன். நீங்கள் என்னை ஏமாற்றவே இல்லை, அண்ணே. உங்களுக்கு அது வராது.